ஆயிரம் மீட்டருக்குக் கீழே ஒரு முழங்கால்

ஜனவரி 11, வியாழன்

மிதமான பனி. காலையில் உறைநிலைக்குக் கீழே ஆறு. மலச்சிக்கல் இல்லை.

பனிச்சறுக்குப் பலகைகளைச் சரிபார்க்க வின்சென்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். விழும்போது பூட்ஸைப் பலகையிலிருந்து கழற்றிவிடுகிற பூட்டு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று கணக்கிட, எடை, வயது, உயரம், பூட்ஸின் நீளம் எல்லாம் கேட்பார்கள். கடைசியில் சுபாவத்தையும் கேட்பார்கள். மூன்று ரகம்: எச்சரிக்கை, நடுத்தரம், துணிச்சல். அறுபது வருடமாக நான் முதல் ரகம். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை.

இன்று ஓட்டிலி கையுறை வாங்க வந்திருந்தாள்.

வின்சென்ஸ் என் பள்ளித் தோழன். மூன்று தடவை முட்டியில் அறுவை நடந்தும் தன் குரலுக்கு ஒரு தையலும் போட்டுக்கொள்ளாதவன். கடை முழுக்கக் கேட்கும்படி, "என்ன மாகிஸ்டர், வழக்கம்போல பயந்தாங்கொள்ளி ரகம்தானே?" என்றான். மருந்துக்கடை நடத்தியவன் என்பதால் ஊரே என்னைப் படிப்புப் பட்டம் சொல்லித்தான் கூப்பிடும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பட்டம் போகவில்லை.

"துணிச்சல்" என்றேன்.

நான் சொல்லவில்லை, என் வாய் சொன்னது. வின்சென்ஸ் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "எழுபத்தியொரு வயசுல ரத்தம் சூடேறுதா? சரி, கடைக்காரன் என்ன பண்ணுவான், வாடிக்கையாளர் சொல்றதுதான் சட்டம்" என்று பூட்டை இன்னும் இறுக்கித் திருகினான்.

ஓட்டிலி கையுறைக்குள் விரல்களை நுழைத்துப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்குள்ள இப்படி ஒருத்தர் இருக்கார்னு எனக்குத் தெரியாமப் போச்சே, மாகிஸ்டர்" என்றாள்.

எனக்கும் தெரியாது.

ஜனவரி 13, சனி

நாளை சொல்லிவிடுவேன்.

மூன்று குளிர்காலமாக இதே வரியை எழுதுகிறேன். ஆகவே இந்தத் தடவை திட்டத்தையும் எழுதுகிறேன்.

ஞாயிறு பூசையில் ஓட்டிலி ஆர்கன் வாசிப்பாள். பூசை முடிந்ததும் இருவரும் இழுவை லிப்டுக்குப் போவோம். இருவருக்கு ஒரு கட்டை. பின்தொடைக்கு அடியில் அது வந்து முட்டும், பலகைகள் பனியில் வழுக்க நம்மை மேலே இழுத்துக்கொண்டு போகும். ஏறக்குறைய ஒரே எடை உள்ளவர்கள் ஜோடி சேர்ந்தால் கட்டை சாயாது. ஓட்டிலியும் நானும் சாய்வதில்லை. இதைத் தவிர எங்களுக்குள் எதுவும் இல்லை. அவள் கணவர் போய் ஒன்பது வருடம். நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நல்ல வரனா என்று ஒவ்வொரு தடவையும் யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, குழந்தையின் ஞானஸ்நான விருந்தும் நடந்துவிடும்.

ஏன் லிப்டில்? ஏனென்றால் எங்கள் மலை வழக்கப்படி ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலே எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'. மந்திரியானாலும் மாட்டுக்காரனானாலும் அப்படித்தான். எங்கள் ஊர் தொள்ளாயிரத்து இருபது. ஆகவே கோயில் வாசலில் அவள் எனக்கு 'நீங்கள்'. லிப்ட் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் '1000' என்று எழுதிய மஞ்சள் பலகை வரும். அதைத் தாண்டியதும் 'நீ'. ஓட்டிலி இதில் மிகவும் கண்டிப்பு. "கழுத்துத் துணி சுத்திக்கிட்டீங்களா" என்று ஆரம்பித்து, நான் பதில் சொல்வதற்குள் பலகை வந்துவிட்டால், "சுத்திக்கிட்டியா?" என்று திருத்துவாள்.

'நீங்கள்' போட்டு இப்படி ஒரு கேள்வியை ஒரு பெண்ணிடம் கேட்க முடியுமா? வீட்டு வரி கட்டச் சொல்வது போல இருக்கும்.

வாக்கியம் (இறுதி வடிவம்): "ஓட்டிலி, என் சமையலறையில் இரண்டு நாற்காலி இருக்கிறது. ஒன்றில் யாரும் உட்காருவதில்லை. நீ வந்து உட்காருவாயா, எப்போதும்?"

'எப்போதும்' தேவையா? அது இல்லாவிட்டால் ஒரு நாள் காபிக்கு அழைத்ததாக எடுத்துக்கொள்ளலாம். இருக்கட்டும்.

ஜனவரி 14, ஞாயிறு

விழுந்தேன்.

ஜனவரி 16, செவ்வாய்

நகரத்து ஆஸ்பத்திரி. வலது முழங்கால் பூசணிக்காய் அளவு. ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

மஞ்சள் பலகை தாண்டியதும் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். தாண்டியது. லிப்ட் கம்பியைத் தாங்குகிற அடுத்த தூணில் சொல்லலாம் என்று நினைத்தேன். தூண்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஓட்டிலி பாதிரியாரின் பிரசங்க நீளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கடைசித் தூணும் போய், கட்டையை விட்டு இறங்க வேண்டிய இடத்தில், நான் முழு உடம்போடு அவள் பக்கம் திரும்பி, "ஓட்டிலி, என் சமையலறையில்" என்றேன்.

அவள், "இறங்கு!" என்று கத்தினாள்.

அவள் இறங்கினாள். நான் கட்டையின் மேல் உட்கார்ந்தேன். இழுவைக் கட்டை உட்காருவதற்கல்ல; அது பாரத்தை வாங்கிக்கொண்டு தாழும். நான் பின்பக்கமாகத் தாழ்ந்தேன், வலது பலகையின் உள் விளிம்பு பனியைக் கவ்விக்கொண்டு ஒரு திசையில் போயிற்று, நான் இன்னொரு திசையில் இருந்தேன். முழங்கால் இரண்டுக்கும் நடுவில். பாட்டிலிலிருந்து தக்கையைப் பிடுங்குகிற மாதிரி 'டப்' என்று ஒரு சத்தம். பூட்டு திறக்கவில்லை. துணிச்சல் ரகம்.

வேகம்? ஒரு கிழவர் தபால் பெட்டிக்கு நடந்துபோகிற வேகம். அதிலும் குறைவு.

பிறகு மீட்புக் குழுவின் கோர்பினியன் சறுக்குவண்டியோடு வந்தான். பணியிலிருந்த மலை டாக்டர் ஊசி போட்டார். அந்த மருந்தின் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருடம் வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறேன்: இதைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டாதீர்கள், பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்குப் பிறகு எல்லாம் பஞ்சு. என்னைக் கட்டி வண்டியில் கீழே கொண்டுவந்ததும், பக்கத்தில் ஓட்டிலி என் சறுக்குக் கோல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சறுக்கி வந்ததும் மட்டும் லேசாக ஞாபகம்.

ஜனவரி 17, புதன்

டாக்டர் லெர்ஷ், நாற்பது வயதுப் பெண்மணி, என் முழங்காலை மடித்துவைத்துக் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தார். அலமாரி இழுப்பறை போல அது வந்தது. பயந்துவிட்டேன். உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறாரோ?

எம்.ஆர்.ஐ. முடிவு: முன் குறுக்கு ஜவ்வு முழுக்கக் கிழிந்தது. உள்பக்க ஜவ்வு பாதி. எலும்பில் ரத்தக் கன்றல். நடுவில் இருக்கும் குருத்தெலும்புச் சில்லுகள் மட்டும் பிழைத்தன.

"எவ்வளவு வேகத்துல வந்தீங்க?"

"கிட்டத்தட்ட நின்னுக்கிட்டிருந்தேன்."

"பரவாயில்லையே. இங்க வர்றவங்கள்ல எத்தனையோ பேர் நின்னுக்கிட்டிருந்தவங்கதான். ஒத்துக்கிட்ட முதல் ஆள் நீங்க."

பூட்டு விஷயத்தையும் சொல்லிவிட்டேன், துணிச்சல் என்று சொன்னது உட்பட. அவர் சிரிக்கவில்லை, வாயின் ஒரு ஓரம் மட்டும். "இறுக்கினது தப்புதான், அடுத்த தடவை பொய் சொல்லாதீங்க. ஆனா மெதுவா பின்னால உக்காந்து கால் திருகிச்சுன்னா, சரியா வச்ச பூட்டே பல நேரம் திறக்காது. எல்லாப் பழியையும் உங்க துணிச்சல் மேல போடாதீங்க. பாவம், அன்னிக்கு அதுக்கு வயசே மூணு நாள்."

ஆபரேஷன்? "இப்ப வேண்டாம். உள்பக்க ஜவ்வு தானா கூடிடும், பட்டை போட்டா போதும். முன் ஜவ்வு கூடாது. ஆனா தொடைத் தசையைப் பலப்படுத்தினா அது அந்த வேலையை எடுத்துக்கும். மூணு மாசம் பாப்போம். நடக்கும்போது முட்டி நழுவ ஆரம்பிச்சா, தொடைக்குப் பின்னால இருந்து ஒரு தசைநாணை எடுத்து புது ஜவ்வு வைப்போம்."

"லிப்ட்ல எப்ப ஏறலாம்?" என்று கேட்டேன். என் குரல் கேட்க எனக்கே பிடிக்கவில்லை.

"முட்டி நழுவலைன்னா, அடுத்த குளிர்காலம், சுலபமான சரிவுல. நழுவி ஆபரேஷன்னா, அதுக்கு அடுத்த குளிர்காலம்."

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் எனக்கு எழுபத்து மூன்று. ஓட்டிலிக்கு எழுபது. அதுவரை அவளுடைய கட்டையின் மறுபாதி காலியாக இருக்குமா?

ஜனவரி 20, சனி

வீடு. ஊன்றுகோல் இரண்டு. கணுக்காலுக்கு மேலிருந்து தொடை நடுவரை கீல் வைத்த பட்டை. கதவுகளுக்கே இவ்வளவு நல்ல கீல் இந்த ஊரில் இல்லை.

ஊர் விடுதியின் 'முட்டி மேசை' முழுவதும் என்னைப் பார்க்க வந்தது. முட்டியில் அறுவை நடந்தவர்களுக்கு மட்டுமான மேசை அது. கணப்புக்குப் பக்கம், நல்ல இடம். இத்தனை வருடமும் முழு முட்டியோடு ஜன்னல் பக்கம், காற்று வருகிற மேசையில் உட்கார்ந்தவன் நான். வந்தவர்கள் கால்சட்டையை முட்டிக்கு மேலே சுருட்டினார்கள். என் வரவேற்பறையில் ஒரே நேரத்தில் ஒன்பது தழும்புகள். எதைப் பாராட்டுவது, எதை விடுவது?

"கத்தி வைக்கச் சொல்லு," என்றான் வின்சென்ஸ். "கத்தி வைக்காத முட்டி முட்டியே இல்ல. அது சரி, ஓநாய்ப் பள்ளத்துலயா இறங்கின? மலையிலேயே கஷ்டமான அந்தக் கருப்புச் சரிவுல, இந்த வயசுல! நான் பூட்டைத் திருகும்போதே நெனச்சேன்."

"ஓநாய்ப் பள்ளமா?"

"ஓட்டிலிதான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கா. நீ அம்பு மாதிரி போனியாம்."

ஓட்டிலி ஏன் அப்படிச் சொன்னாள்? லிப்டில் விழுந்தவனோடு போனவள் என்று பெயர் எடுக்க வெட்கப்பட்டிருப்பாள். நான் மறுக்கவில்லை. எல்லோரும் வணங்குகிற மாதிரிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் ஓநாய்ப் பள்ளத்தில் விழுந்தவனாக இருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 27, சனி

ஓட்டிலி வந்தாள். கையில் ஒரு கிண்ணம் தயிர்க்கட்டி. "வீக்கத்துக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பாட்டு வகுப்புக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

தயிர்க்கட்டியைத் துணியில் பரப்பி முட்டியில் கட்டுவது இங்கே எல்லா வீட்டிலும் வழக்கம். நான் படித்த படிப்பில் அதற்கு ஆதாரம் இல்லை; குளிர்ச்சி மட்டும்தான். அதற்கு என்னிடம் ஐஸ் பை இருக்கிறது. தயிர்க்கட்டி மிகப் புதிது. வெங்காயத்தாள் நறுக்கிப் போட்டு, உப்பு தூவி, கறுப்பு ரொட்டியோடு சாப்பிட்டுவிட்டேன்.

மாலை தொலைபேசி. "வீக்கம் கொறஞ்சுதா, மாகிஸ்டர்?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"இருந்துச்சா?"

"இருக்கு. வத்திக்கிட்டு வருது."

"அப்ப நாளைக்கும் கொண்டு வரேன்."

பிப்ரவரி 6, செவ்வாய்

தயிர்க்கட்டி தினமும் வருகிறது. எடை கூடியிருக்கிறது. முட்டி வீக்கம் உண்மையிலேயே குறைகிறது. ஒருவேளை உள்ளிருந்து வேலை செய்கிறதோ?

பிசியோதெரபி தொடங்கியது. மரைக்கே, நெதர்லாந்துக்காரி, முப்பது வயது, கதவை விட உயரம். வந்தவுடன், "இக்னாஸ், படு! கால நீட்டித் தூக்கு!" என்றாள்.

தொள்ளாயிரத்து இருபது மீட்டரில்! என் பெயரைச் சொல்லி! நான் எழுந்து உட்கார்ந்து, இங்கே ஆயிரத்துக்குக் கீழே முன்பின் தெரியாதவர்களை 'நீங்கள்' என்பார்கள் என்று பணிவாக விளக்கினேன்.

"எங்க நாட்டுல ஆயிரம் மீட்டரே கிடையாது" என்றாள். "ஆயிரம் மீட்டருக்குக் காத்திருந்தா நாங்க யாரும் பொறந்திருக்கவே மாட்டோம். தூக்கு!"

தூக்கினேன். என் வலது தொடை கோழித் தொடை போலச் சுருங்கிவிட்டிருக்கிறது. தசைக்குக் கட்டளை கொடுக்கிறேன், அது யோசிக்கிறது. என் தசைதானே.

பிப்ரவரி 10, சனி

கோர்பினியன் என் பலகைகளைத் திருப்பிக் கொடுக்க வந்தான். ஆறடி ஆள், பனிச்சரிவுக்குள் புகுந்து மனிதர்களைத் தோண்டி எடுப்பவன். வாசலிலேயே காது சிவக்க நின்றான்.

"உள்ள வாங்க, கோர்பினியன்."

"இல்ல மாகிஸ்டர், கிளம்பறேன். ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு வண்டியில வரும்போது நீங்க பேசினது எதுவும் என் காதுல விழல. காத்து பலமா இருந்துச்சு."

அன்று காற்றே இல்லை. பழைய செய்தித்தாளின் வானிலைக் குறிப்பில் பார்த்தேன்: தெளிந்த வானம், அமைதி.

என்ன பேசினேன்? அம்மாவைக் கூப்பிட்டு அழுதேனோ? அல்லது வாடிக்கையாளர்களின் மூல நோய் விவரங்களையா? நாற்பது வருடம் காத்த ரகசியங்கள்! கடவுளே.

பிப்ரவரி 25, ஞாயிறு

பட்டையைக் கழற்றிவிட்டார்கள். ஒரே ஒரு கோல்.

என் மாடத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்தால் இழுவை லிப்டின் நடுப்பகுதி தெரியும். பறவைகளுக்காக வாங்கிய தொலைநோக்கி. பூசை முடிந்து அரை மணி நேரத்தில் ஓட்டிலியின் நீல ஜாக்கெட் தெரிந்தது. பக்கத்தில் சிவப்பு ஜாக்கெட். சிவப்பு ஜாக்கெட் வின்சென்ஸ். கட்டை அவன் பக்கம் சாய்ந்திருந்தது, அவன் எடை அப்படி. ஓட்டிலி அவன் பக்கம் சரிந்துகொண்டே போனாள். அவள் பேசுகிறாள். அவன் தலையாட்டுகிறான். அவர்கள் மஞ்சள் பலகைக்கு மேலே.

போச்சு. எல்லாம் போச்சு. அவனுக்குப் பலகையே தேவையில்லையே, அவன் பள்ளத்தாக்கிலேயே எல்லாரையும் 'நீ'ன்னு கூப்பிடறவனாச்சே!

மதியம் சாப்பிடவில்லை. தயிர்க்கட்டி மட்டும்.

மார்ச் 9, வெள்ளி

புதிய திட்டம். லிப்ட் இல்லாமலும் ஆயிரம் மீட்டரைத் தாண்டலாம். கணவாய் விடுதிக்குப் பேருந்து போகிறது. அது ஆயிரத்து நானூறு. அங்கே நல்ல ஆப்பிள் ரொட்டி கிடைக்கும். புதன்கிழமை போகலாமா என்று ஓட்டிலியைக் கேட்டேன். "பேருந்துலயா?" என்று கேட்டாள். "முட்டிக்கு உயரம் நல்லது" என்றேன். மருத்துவ வரலாற்றில் எங்கும் இல்லாத கருத்து. வருவதாகச் சொன்னாள்.

மார்ச் 14, புதன்

பேருந்து கிளம்பியது. பக்கத்து இருக்கையில் ஓட்டிலி. வாக்கியம் தயார். மூன்றாவது வளைவு தாண்டினால் சாலையோரத்தில் மஞ்சள் பலகை.

மூன்றாவது வளைவில் தடுப்புக் கட்டை. மேலே பனிச்சரிவு அபாயம், சாலை மூடல். ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு, "அரை மணியில திறக்கலாம், திறக்காமலும் போகலாம்" என்று செய்தித்தாளை விரித்தார்.

கண்ணாடி வழியே பலகை தெரிந்தது. '1000'. இங்கிருந்து பந்து எறிந்தால் படும்.

ஓட்டிலி பையிலிருந்து முட்டை சாண்ட்விச் எடுத்தாள். "சாப்பிடுங்க, மாகிஸ்டர்." சாப்பிட்டேன். "உப்பு போதுமா உங்களுக்கு?" போதும். 'நீங்கள்', 'உங்களுக்கு'. பலகை அங்கேயே நின்றது.

நான் எழுந்தேன். "காத்து வாங்கிட்டு வரேன். நீங்களும் வாங்களேன்." அவள் என்னைப் புருவம் உயர்த்திப் பார்த்துவிட்டு வந்தாள். தடுப்புக் கட்டையின் ஓரமாக நுழைந்து, கோலை ஊன்றி, பலகையை நோக்கி நடக்க ஆரம்பித்தேன்.

"எங்க போறீங்க? அங்க ஒண்ணும் இல்லையே?"

"சும்மா… அந்தப் பலகை வரைக்கும்…"

பலகைக்கு முன்னால் வலது கால் என்னை விட்டுப் போய்விட்டது. பனியில் உட்கார்ந்திருந்தேன். வலி இல்லை. ஆனால் வழுக்கியதா, முட்டி நழுவியதா? எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. நழுவினால் கத்தி. கத்தி என்றால் இன்னும் ஒரு குளிர்காலம்.

ஓட்டிலி என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். ஆர்கன் மிதிகளில் ஊறிய கால்கள், பாறை போல நின்றாள். "அந்தப் பலகையில என்னதான் இருக்கு உங்களுக்கு?" என்று கேட்டாள். அவள் முகத்தில் சிரிப்பா? பனி வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை.

பேருந்து கீழே திரும்பியது.

மார்ச் 15, வியாழன்

சொல்லிவிட வேண்டும் டாக்டரிடம். சொல்லாமலும் இருக்கலாம். அது வழுக்கல்தான். அல்லது நழுவல். சொல்லாமல் இருந்து, லிப்டில் நடுவழியில் நழுவினால்? சொல்லி, அவர் கத்தி எடுத்தால்?

மரைக்கேயிடம் சொன்னேன். அவள், "பயப்படற நேரத்துல பயிற்சி பண்ணு" என்று என்னைக் காற்றடைத்த குஷன் மேல் ஒற்றைக் காலில் ஏற்றிவிட்டுக் கண்ணை மூடச் சொன்னாள். சர்க்கஸ் யானைக்குக் கூடக் கண் திறந்திருக்கும்.

ஏப்ரல் 17, செவ்வாய்

டாக்டர் லெர்ஷ். மூன்று மாதச் சோதனை. பேருந்து விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன், தைரியம் போய்விடும் என்ற பயத்தில்.

"நழுவினது முட்டியா, ஷூவா?"

"தெரியல டாக்டர். ஐஸ் இருந்துச்சு. சாதா ஷூ."

"ஐஸ் மேல, சாதா ஷூவோட, மூடின ரோட்டுல. அங்க என்ன வேலை உங்களுக்கு?"

அவர் இழுப்பறையை இழுத்தார், காலைத் திருகினார், படியில் இறங்கச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், திடீரென்று திரும்பச் சொன்னார்.

"இந்த முட்டி நிக்குது" என்றார். "நழுவினது ஷூதான். கத்தி வேண்டாம். பயிற்சியை விடாதீங்க. கோடை வரைக்கும் சரிவுல இறங்கி நடக்கக் கூடாது. டிசம்பர்ல ஏறலாம், மெதுவா."

வெளியே வந்து நடைபாதை நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் ஏதோ தூசு.

ஏப்ரல் 20, வெள்ளி

முட்டி மேசையில் பெரும் ஏமாற்றம். தழும்பு இல்லாதவனைச் சேர்க்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். முன் ஜவ்வு உண்மையிலேயே இல்லை என்பதால், மேசையின் ஓரத்தில், கணப்புக்கு முதுகு காட்டாமல் உட்காரலாம் என்று தீர்ப்பு.

ஷ்நாப்ஸ் சாராயம் உள்ளே போனதும் வின்சென்ஸ் என் பக்கம் சாய்ந்தான். "உன் ஓட்டிலி இருக்காளே, என்னை ஒரே ஒரு தடவ தன் கட்டையில ஏத்தினா. மேல போற வரைக்கும் திட்டு. கிழவனோட பூட்டை ஏன் அப்படி இறுக்கினேன்னு. நான் சொன்னேன், அவன்தான் துணிச்சல்னு சொன்னான், நீயும் அங்கதானே நின்னன்னு. சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு, ரெண்டு பேரும் விழுந்திருப்போம். அதுக்கப்புறம் சீசன் முழுக்கத் தனியாத்தான் ஏறினா. கட்டை கோணலா போகுது, யாரையாவது சேத்துக்கோன்னு லிப்ட்காரன் சொன்னா, 'இடம் எடுத்தாச்சு'ங்கறா."

என்னுடைய ஓட்டிலியா? இடம் எடுத்தாச்சா? யார் எடுத்தது?

ஜூன் 21, வியாழன்

ஓட்டிலி வழக்கம்போல கோடைக்குக் கிராட்ஸ் நகரத்திலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். பேருந்து நிறுத்தத்தில், "முட்டியப் பாத்துக்குங்க" என்றாள். "நீங்களும்" என்றேன். அவள் முட்டிக்கு என்ன?

தயிர்க்கட்டியை நானே வாங்குகிறேன். அதே ருசி இல்லை.

ஆகஸ்ட் 3, வெள்ளி

வலது தொடை இடது தொடைக்குச் சமம். அளவு நாடாவை இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 7, ஞாயிறு

ஓட்டிலி திரும்பிவிட்டாள். பூசையில் கடைசிப் பாட்டை வழக்கத்தை விட வேகமாக வாசித்தாள். பாதிரியார் மூச்சிரைத்தார்.

டிசம்பர் 13, வியாழன்

வின்சென்ஸ் கடை. இம்முறையும் ஓட்டிலி இருந்தாள். பலகைக்கு மெழுகு வாங்குகிறாளாம், அரை மணி நேரமாக.

"என்ன ரகம் மாகிஸ்டர்? ஓநாய்ப் பள்ளத்து வீரரே?"

"எச்சரிக்கை" என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி. "முதல் ரகம். அதுக்கும் கீழ ஒண்ணு இருந்தா அது. நான் ஓநாய்ப் பள்ளத்துல விழல, லிப்ட்ல விழுந்தேன்."

வின்சென்ஸின் திருப்புளி நின்றது. ஓட்டிலி மெழுகைப் பையில் போட்டுக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, மாகிஸ்டர். தாமதிக்காதீங்க" என்று போய்விட்டாள்.

டிசம்பர் 16, ஞாயிறு

ஈரப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கட்டை வந்தது, பின்தொடையில் முட்டியது, நேராக நின்றது. முட்டி பேசவில்லை. மஞ்சள் பலகை வந்தது. இந்தத் தடவை தூண்களுக்குக் காத்திருக்கவில்லை.

"ஓட்டிலி, என் சமையலறையில்"

"ரெண்டு நாற்காலி இருக்கு. ஒண்ணுல யாரும் உக்காரதில்ல" என்றாள் அவள்.

கட்டை மட்டும் இல்லாவிட்டால் அங்கேயே மறுபடி விழுந்திருப்பேன்.

"உனக்கு… உனக்கு எப்படித் தெரியும்?"

"நீயே சொன்னே. போன ஜனவரியில, சறுக்குவண்டியில. ஊசி ஏறினதும் ஆரம்பிச்சே. கோர்பினியனுக்குக் காது ரெண்டும் தக்காளி. நான் பக்கத்துல சறுக்கிக்கிட்டே கேட்டேன்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தையும் சொல்லல? பதினோரு மாசம்!"

"ஊசி போட்டுக்கிட்டவன் கேட்டதுக்கு எவ பதில் சொல்லுவா? நெதானத்துல கேக்கறியான்னு பாத்தேன். நீ பேருந்துல ஏத்திக்கிட்டுப் போனே, நான் பின்னாடியே வந்தேன். பலகைக்கு முன்னால உக்காந்துட்டே. நான் என்ன பண்ணட்டும், உன்னைத் தூக்கி அந்தப் பக்கம் போடட்டுமா?"

நான் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா," என்றாள், "மருந்துதான் பேசுதுன்னு நான் நெனக்கல. ஏன் தெரியுமா? வண்டி கீழ வந்துக்கிட்டிருக்கு. நீ முனகிக்கிட்டே சொல்லிக்கிட்டிருக்கே, நீ வந்து உக்காருவியா, எப்பவும்னு. மஞ்சள் பலகை தாண்டிச்சு. உடனே நிறுத்தினே. கண்ணு பாதி சொருகியிருக்கு. 'மன்னிக்கணும்'னே. அப்புறம் முதல்ல இருந்து, முழுசா, 'ஓட்டிலி அம்மா, நீங்க வந்து உக்காருவீங்களா, எப்பவும்'னு திருப்பிச் சொன்னே! கோர்பினியன் சிரிப்பு தாங்காம வண்டியை நிறுத்திட்டான். அரை மயக்கத்துலயும் மரியாதை மாத்தின ஆளு, சொல்றதைத் தெரிஞ்சுதான் சொல்றான்னு எனக்குப் புரிஞ்சுது."

"ஓநாய்ப் பள்ளம்?"

"லிப்ட்ல விழுந்தார்னு சொன்னா, எதுக்குத் திரும்பினார்னு கேப்பாங்க. அது நம்ம விஷயம்."

கடைசித் தூண் வந்துகொண்டிருந்தது.

"அப்ப பதில்?"

"முதல்ல கட்டையை விடு!" என்று கத்தினாள்.

விட்டேன். சரியான இடத்தில், சரியான நேரத்தில், இரண்டு காலில் நின்றேன். மரைக்கேயின் குஷன் வாழ்க. ஓட்டிலி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மேல யார் வேணா என்ன வேணா பேசலாம்" என்றாள். "பதில் கீழ சொல்றேன்."

சறுக்கி இறங்கினோம். கோயில் வாசலில், "வணக்கம், மாகிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 19, புதன்

இன்னும் இல்லை. முட்டி நன்றாக இருக்கிறது. மற்றது எதுவும் நன்றாக இல்லை.

டிசம்பர் 23, ஞாயிறு

பனி நிற்காமல் விழுகிறது. லிப்ட் ஓடவில்லை. பூசை முடிந்து கதவு தட்டப்பட்டது. வந்தவள் காலணியைத் தட்டிப் பனியை உதிர்த்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய், ஜன்னல் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அதன் ஒரு கால் ஆடுகிறது. இத்தனை வருடம் எனக்குத் தெரியாது, யார் உட்கார்ந்தார்கள் தெரிய?

அடியில் அட்டை மடித்து வைத்தேன். மண்டியிட முடிந்தது, எழுந்திருக்கவும் முடிந்தது. பிறகு, எதையும் எழுதாமல் விட்டால் மறந்துவிடுவேன் என்ற பயத்தில் இந்தக் குறிப்பேட்டை எடுத்தேன்.

"எழுதினது போதும், இக்னாஸ். சூப் ஆறுது, நீ வா."

உயரம்: தொள்ளாயிரத்து இருபது.